குதிகால் வலி வருஷக்கணக்கில் இருந்தால் நாண் ஒரு நாள் அறுந்துதான் போகுமா?

மேட்டுவீடு_கோத்தகிரி

வயது 47. குதிகாலுக்குப் பின்னால், எலும்பிலிருந்து மூன்று விரல் மேலே, கெண்டைச்சதையைக் குதிகால் எலும்போடு சேர்க்கிற நாண் தடித்துப்போய் ஒன்றரை வருஷமாக வலிக்கிறது. காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் நொண்டல், அப்புறம் சூடேறினால் சரியாகிவிடும், சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஏறும்போது மறுபடி பிடித்துக்கொள்ளும். எங்கள் வீடு ரோட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வழியாகச் செங்குத்தாக ஏறணும், வேறு வழி கிடையாது.

இதுவரை தைலம், வெந்நீர் ஒத்தடம் என்று ஓட்டிவிட்டேன். இப்போது கேட்கக் காரணம், ஆபீஸ் நண்பர் ஒருவருக்கு அதே நாண் ஷட்டில் ஆடும்போது டப்பென்று அறுந்துவிட்டது. அவர் அதற்கு முன்னால் கால் வலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வலியே இல்லாதவருக்கே அறுந்தது என்றால் இத்தனை நாளாக வலிக்கிற எனக்கு எப்போது அறும்? வீட்டில் நடக்கவே விடமாட்டேன் என்கிறார்கள். மகள் எங்கேயோ படித்துவிட்டு ‘அப்பா, படி ஏறாதே’ என்கிறாள். கோத்தகிரியில் படி ஏறாமல் எங்கே போவது?

குன்னூர்_ஸ்மாஷ்

அண்ணா, அந்தக் கோஷ்டியில் நானும் ஒருத்தன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிற ஆள் நான், வாரம் முழுக்க உட்கார்ந்த வேலை. நெட்டுக்கு ஓடி ஒரு டிராப் எடுக்கக் காலை ஊன்றினேன், பின்னால் யாரோ ராக்கெட்டால் கெண்டைக்காலில் ஓங்கி அடித்த மாதிரி இருந்தது. திட்டுவதற்காகத் திரும்பினேன். பின்னால் ஒருத்தனும் இல்லை, என் பார்ட்னர் அந்த மூலையில் நிற்கிறான். சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கிறது, ஷூ சோல் கிழிந்ததோ என்று நினைத்தானாம்.

எனக்கு அதற்கு முன் வலி, பிடிப்பு, வீக்கம் எதுவுமே கிடையாது. ஆகவே நாள்பட்ட வலிக்கும் அறுவதற்கும் சம்பந்தம் இல்லை என்பது என் கட்சி. உங்கள் வலி வேறு வியாதி, எனக்கு நடந்தது விபத்து. பயப்படாதீங்க.

மலைப்பிசியோ

நீங்கள் இரண்டு பேரும் சொல்லும் சம்பவங்கள் அன்றாடம் நடப்பவைதான். ஆனால் அதிலிருந்து ஆளுக்கொரு பக்கமாக எடுத்த முடிவு இரண்டும் சரியில்லை. நான் பிசியோ, மலையிலேயேதான் வேலை. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன்.

முதலில் ஸ்மாஷ் தம்பிக்கு. வலி இல்லை என்பதால் நாண் நன்றாக இருந்தது என்று ஆகிவிடாது. பின்லாந்தின் கன்னுஸ், ஹங்கேரியின் யோசா என்ற இருவர் 1991-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வெட்டுக்காயம் எதுவும் இல்லாமல் தானாக அறுந்த நாண்கள், 891 பேருடையவை, அறுவை சிகிச்சையின்போது எடுத்த திசுவை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். குதிகால் நாண் மட்டுமில்லை, புஜத்து நாண், கட்டைவிரல் நாண் எல்லாம் அதில் உண்டு. ஒன்றுகூட ஆரோக்கியமாக இல்லை. 97 சதவீதத்தில் உள்ளே சிதைவு. ஒப்பிட்டுப் பார்க்க, நல்ல உடம்போடு இருந்து விபத்தில் இறந்துபோனவர்களின் 445 நாண்களையும் எடுத்துக்கொண்டார்கள், அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கில்தான் அந்தச் சிதைவு இருந்தது.

அறுந்துபோன அவ்வளவு பேரில் பெரும்பாலானவர்கள் உங்களைப் போலத்தான், முன்னால் வலியே இல்லை என்றவர்கள். உள்ளே புரி புரியாக இற்றுப்போன கிணற்றுக்கயிறு வெளியே பார்க்க முழுசாகத்தான் தெரியும், ஒரு நாள் குடத்தோடு போகும். அதைத்தான் நீங்கள் விபத்து என்கிறீர்கள்.

சிதைவு என்றால் என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். நல்ல நாணில் கொலாஜன் என்ற புரத இழைகள் ஒரே திசையில், நெருக்கமாக, இழுவைக்கு நேராக ஓடும். நோய் பிடித்த நாணில் அந்த வரிசை கலைந்துவிடும், இழைகள் மெலியும், நடுவில் நீர் கோத்த கொழகொழப்பான பொருள் சேரும், சிலருக்குக் கொழுப்பும் சுண்ணாம்பும் படியும், இல்லாத இடத்தில் புதிதாக ரத்தக்குழாய்கள் முளைக்கும். கவனிக்க வேண்டியது, இதில் அழற்சி என்று சொல்லத்தக்க அளவுக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. அதனால்தான் வலிமாத்திரை போட்டால் வலி அடங்கும், நாண் அப்படியே இருக்கும்.

இன்னொன்று, டென்மார்க்கில் செய்த வேலை, எனக்கு மிகவும் பிடித்தது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் போட்ட அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏகத்துக்கு ஏறி, பிறகு மெல்ல இறங்கியது. சாப்பாடு வழியாக அது உடம்பிலும் சேரும். அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களின் உடம்பில் எந்தத் திசு எந்த வருஷம் உருவானது என்று அதை வைத்தே கணக்குப் போடலாம். 2013-இல் குதிகால் நாணை அப்படிப் பார்த்தால், அதன் உள்மையம் கிட்டத்தட்ட 17 வயதுக்குள் கட்டி முடித்தது, அதற்கு மேல் புதுப்பிப்பே இல்லை என்கிற அளவு. நீங்கள் 47 வயதில் ஏறுவது பிளஸ் டூ படிக்கும்போது வாங்கிய நாணில். பிறகு 2018-இல் நோய்ப்பட்ட நாண்களை அதே முறையில் பார்த்தார்கள். அங்கே கொலாஜன் கழிவதும் சேர்வதும் ரொம்ப வேகமாக நடந்திருக்கிறது, அதுவும் வலி தொடங்குவதற்குப் பல வருஷம் முன்பிருந்தே. ஆக உங்களுக்கு வலி வந்து ஒன்றரை வருஷம் என்றால் நோய் அதைவிடப் பழசு.

மேட்டுவீடு அண்ணா கேள்விக்கு ராத்திரி வந்து எழுதுகிறேன், கேஸ் வந்துவிட்டது.

கணக்குவாத்தியார்

பிசியோ மேடம் சொல்வதை மரியாதையோடு கொஞ்சம் உரசிப் பார்க்கிறேன். ரிடையர்டு வாத்தியார், ஊட்டிக் குளிருக்கு வேறு வேலை இல்லை.

அறுந்தவர்களில் 97 சதவீதம் பேருக்குச் சிதைவு இருந்தது. சரி. ஆனால் சிதைவு இருப்பவர்களில் எத்தனை பேருக்கு அறுகிறது என்பதுதானே மேட்டுவீட்டுக்காரரின் கேள்வி? இரண்டும் வேறு வேறு கணக்கு. நல்லபடியாக நடமாடியவர்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு அது இருந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு நாண் இற்றிருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், தினம் டப் டப்பென்று அறுந்துகொண்டா இருக்கிறது? இல்லையே. அப்படியென்றால் சிதைவு அறுவதற்குத் தேவையான ஒன்று, அது மட்டும் போதாது.

கயிறு உதாரணமும் எனக்கு ஒப்பவில்லை. கயிறு இழுக்க இழுக்கத் தேயும். நாண் உயிருள்ள பொருள்.

அப்புறம் ஒரு சந்தேகம். அறுந்த பிறகு எடுத்த திசுவைத்தானே பார்த்தார்கள்? அறுந்ததனாலேயே அந்த மாற்றங்கள் வந்திருக்கலாம் அல்லவா?

குந்தாக்காரன்

எல்லாம் குளிர் செய்கிற வேலை சார். மஞ்சூர் பக்கம் டிசம்பரில் காலை ஆறு மணிக்கு வெளியே போய்ப் பாருங்கள், நரம்பெல்லாம் இறுகிக் கம்பி ஆகிவிடும். என் அப்பா இரண்டு சாக்ஸ் போடாமல் கட்டிலை விட்டு இறங்கமாட்டார்.

மலைப்பிசியோ

வாத்தியார் சாரின் கணக்கு நூற்றுக்கு நூறு சரி. அதைத்தான் ராத்திரிக்கு வைத்திருந்தேன், முந்திக்கொண்டீர்கள்.

கடைசிச் சந்தேகத்துக்கு முதலில் பதில். அறுந்த உடனே ரத்தக்கசிவு, வீக்கம் எல்லாம் வரும், உண்மை. ஆனால் கொழுப்பு படிவதும் சுண்ணாம்பு சேர்வதும் இழை வரிசை கலைவதும் இரண்டு நாளில் வருகிற மாற்றங்கள் இல்லை. அதோடு 2001-இல் டாலன், மாஃபுல்லி குழுவினர் அறுந்த நாண், வலியோடு இருக்கிற நாண், நல்ல நாண் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, வலிக்கிற நாணைவிட அறுந்த நாண்தான் அதிகம் சிதைந்திருந்தது. அதாவது வலி வந்தவர்களைவிட வலி வராமல் அறுந்தவர்களின் நாண் மோசம். இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். வலி வந்தவன் நடையைக் குறைப்பான், ஓட்டத்தை நிறுத்துவான், யாரிடமாவது காட்டுவான். வலி வராதவன் ஞாயிற்றுக்கிழமை ஷட்டில் ஆடப் போவான். இது என் ஊகம்தான், ஆனால் கேஸ் பார்க்கப் பார்க்க இது பலப்படுகிறதே தவிரக் குறையவில்லை.

மேட்டுவீடு அண்ணா, ஆகவே உங்களுக்கு நேரடிப் பதில்: நாள்பட்ட நாண் நோய்க்கும் அறுவதற்கும் சம்பந்தம் உண்டு, ஆழமான சம்பந்தம். ஆனால் நாள்பட்ட வலி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அறுவதில்லை, ஒரு சிறு பகுதிக்குத்தான். வலியின் அளவை வைத்து எப்போது அறும் என்று சொல்லவும் முடியாது. வலி கூடினால் அறப்போகிறது என்பதும் இல்லை, வலி போய்விட்டால் தப்பித்தோம் என்பதும் இல்லை.

குந்தாக்காரர் தம்பி, காலையில் இறுக்கம் என்பது இந்த நோயின் அடையாளம். மதுரை வெயிலில் இருப்பவருக்கும் காலையில் அப்படித்தான் இருக்கும். குளிரில் சூடேறக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். அப்பாவின் சாக்ஸை மட்டும் பிடுங்காதீர்கள்.

கூடலூர்_மகள்

யாரும் இன்னும் மாத்திரையைப் பற்றிப் பேசவில்லையே. அம்மாவுக்கு 68. வருஷக்கணக்காக இளைப்பு, அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறவர். சிறுநீர்த் தொற்று என்று போனோம், லிவோஃபிளாக்சசின் எழுதிக் கொடுத்தார்கள். கோர்ஸ் முடிவதற்குள் இரண்டு குதிகாலும் பின்பக்கம் வலிக்கிறது என்றார். வயசு, குளிர், நடை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். கோயில் படி இறங்கும்போது வலது நாண் போய்விட்டது. அப்புறம் கீழே கோயம்புத்தூரில் காட்டியபோதுதான் அந்த டாக்டர் முதல் கேள்வியாகவே ‘சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் ஏதாவது எடுத்தாரா’ என்று கேட்டார். எழுதிக் கொடுத்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வயதானவர், ஸ்டீராய்டும் எடுக்கிறார் என்பது சீட்டிலேயே இருந்தது.

மலைப்பிசியோ

இதை எல்லோரும் படிக்க வேண்டும். சிப்ரோஃபிளாக்சசின், லிவோஃபிளாக்சசின், ஓஃபிளாக்சசின், இந்த ‘ஃபிளாக்சசின்’ குடும்பம் முழுக்க நாணைப் பாதிக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இலேயே பெட்டியில் கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், சிறுநீரகம், இதயம், நுரையீரல் மாற்றிக்கொண்டவர்கள், இவர்களுக்கு ஆபத்து அதிகம். சில நாளிலேயே வரலாம், மாத்திரையை நிறுத்திச் சில மாதம் கழித்தும் வரலாம். அம்மாவுக்கு நடந்தது போல இரண்டு காலும் சேர்ந்து வலிப்பது இதில் அடிக்கடி காண்பது.

நல்ல மருந்துதான், உயிர் காக்கும் தொற்றுகளில் தேவைப்படும். நம் ஊரில் வயிற்றுப்போக்கு, சளி என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடுகிறோமே, அதுதான் பிரச்சினை. அந்த மாத்திரை எடுக்கும்போது குதிகால் பின்பக்கம் வலித்தால் உடனே எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள், வேறு மாற்றித் தருவார்கள். நடையைக் குறையுங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் வலியைத் தாங்கிக்கொண்டு பயிற்சி செய்யாதீர்கள்.

ஓட்டம்_2200

ஊசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஓட்டக் கூட்டத்தில் ஒரு பையன், குதிகால் நாண் வலிக்காக ஒரு கிளினிக்கில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டான். மந்திரம் போட்ட மாதிரி வலி போய்விட்டது. உற்சாகத்தில் தொட்டபெட்டா ரோட்டில் ஏற்றம் ஓட வந்துவிட்டான். நான் பின்னால்தான் ஓடிக்கொண்டிருந்தேன். ஜங்ஷனைத் தாண்டவில்லை, காலைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான், யாரோ கல்லெறிந்தார்கள் என்று மேட்டைப் பார்க்கிறான். குரங்குதான் எறிந்தது என்று நாங்களும் கொஞ்ச நேரம் நம்பினோம்.

ஊசிதான் அறுத்தது என்கிறார்கள் சிலர், ஏற்கெனவே இற்றுப்போன நாண் ஊசி போடாவிட்டாலும் அறுந்திருக்கும் என்கிறார்கள் சிலர். பிசியோ அக்கா என்ன சொல்கிறீர்கள்?

மலைப்பிசியோ

இரண்டும் சேர்ந்து என்பேன். ஸ்டீராய்டு கொலாஜன் உற்பத்தியைத் தடுக்கும், ஆகவே நாணைப் பலவீனப்படுத்தும். அதே சமயம் வலியையும் அணைத்துவிடுவதால் ஆள் முழுப் பாரத்தையும் போட்டுவிடுகிறான். ஓடும்போது அந்த நாண் தாங்குவது உடல் எடையைப் போல ஆறு முதல் எட்டு மடங்கு. 70 கிலோ ஆளுக்கு அரை டன் பக்கம் வருகிறது. நோய்ப்பட்ட நாண், வலி என்கிற காவல்காரன் இல்லை, மேட்டில் ஓட்டம். குதிகால் நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடப் பெரும்பாலான டாக்டர்கள் தயங்குவது இதனால்தான். தோள்பட்டை, பாதத்தின் அடி, அதெல்லாம் வேறு கணக்கு, அதை இதோடு குழப்பவேண்டாம்.

அறும் இடமும் தற்செயல் இல்லை. எலும்பில் ஒட்டுகிற இடத்திலிருந்து 2 முதல் 6 செ.மீ. மேலே, ரத்த ஓட்டம் குறைவான பகுதி. மேட்டுவீடு அண்ணா மூன்று விரல் மேலே என்று எழுதியது சரியாக அங்கேதான்.

கணக்குவாத்தியார்

அப்படியானால் ஒரு கேள்வி. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண்களைப் பாருங்கள். கூடையில் பாரம், சரிவு, மழையில் வழுக்கல், காலில் ரப்பர் செருப்பு, இருபது முப்பது வருஷம் தினமும் அதே வேலை. மேடத்தின் கயிறு தத்துவப்படி முதலில் அறவேண்டியது அவர்களுக்கு. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், முழங்கால் வலி, முதுகு வலி என்று ஆயிரம் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், குதிகால் நாண் அறுந்தது என்று ஒரு பறிப்புக்காரம்மா சொல்லிக் கேட்டதில்லை. அறுபவரெல்லாம் ஆபீஸர், பேங்க் மேனேஜர், ஷட்டில் ஆடுகிறவர்.

குன்னூர்_ஸ்மாஷ்

சார், நேராக என் பேரையே சொல்லியிருக்கலாம்.

மலைப்பிசியோ

கயிறு உதாரணத்தை வாபஸ் வாங்கினேன், விடுங்கள் சார்!

நீங்கள் பார்த்தது உண்மைதான். இந்த நாண் அறுபவர்களில் ஆண்கள் பல மடங்கு அதிகம், அதிலும் 30-இலிருந்து 50 வயதுக்குள், எப்போதாவது ஆடுகிறவர்கள். தினமும் ஒரே சீராக வரும் பாரத்துக்கு நாண் பழகிவிடும், தடிக்கும், உறுதிப்படும். வாரம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் குதித்தல், திடீர் நிறுத்தம், பின்காலை ஊன்றி முன்னே பாய்தல், அதைத்தான் அது தாங்காது. பறிப்புக்காரம்மா நாள் முழுக்கச் சரிவில் ஏறுவார், ஆனால் ஒரு தடவைகூட டிராப் எடுக்கப் பாயமாட்டார். அதோடு அவருக்கு வலித்தாலும் உங்களிடம் சொல்லமாட்டார், டிஸ்பென்சரியில் ஒரு வலிமாத்திரை வாங்கிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போவார், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேட்டுவீடு_கோத்தகிரி

எல்லோருக்கும் நன்றி. பயம் பாதி தெளிந்தது. இரண்டு விஷயம். ஒன்று, எனக்கு ஐந்து வருஷமாகச் சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? இரண்டு, ஒருவேளை அறுந்துவிட்டால் அது அறுந்ததுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நம்ம நண்பர் அறுந்த பிறகும் நடந்துதான் வண்டியில் ஏறினார். சுளுக்கு என்று சொல்லி ஒரு கட்டு வைத்தியர் எண்ணெய் போட்டு நீவிக் கட்டிவிட்டார், இரண்டு வாரம் கழித்துத்தான் ஸ்கேனில் தெரிந்தது.

மலைப்பிசியோ

சர்க்கரைக்குத் தொடர்பு உண்டு. ரத்தத்தில் கூடுதலாக இருக்கும் சர்க்கரை கொலாஜன் இழைகளோடு போய் ஒட்டி அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிடும், நாண் விறைத்துப்போகும். கொலஸ்டிரால் விஷயத்தையும் பாருங்கள். பரம்பரையாக மிக அதிக கொலஸ்டிரால் வருகிற குடும்பங்களில் குதிகால் நாணிலேயே கொழுப்புக்கட்டி படியும், இரண்டு பக்கமும் நாண் தடித்துத் தெரியும். அது நாண் பிரச்சினை என்பதைவிட இதயத்துக்கான எச்சரிக்கை, ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

அறுந்ததைக் கண்டுபிடிப்பது. நடக்க முடிகிறது, விரலை அசைக்க முடிகிறது, பாதத்தைக் கொஞ்சம் கீழே அழுத்தக்கூட முடிகிறது என்பதால் அறவில்லை என்று நினைத்துவிடுவார்கள். பக்கத்தில் ஓடும் வேறு தசைகள் அந்த வேலையைக் கொஞ்சம் செய்துவிடும், அதில்தான் ஏமாறுவது. முதல் பார்வையில் தவறவிடுவது உலகம் முழுக்க நடக்கிறது. சோதனை ரொம்ப எளிது. ஆளைக் குப்புறப் படுக்கவைத்து, பாதம் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். கெண்டைச்சதையை ஒரு கையால் கொத்தாகப் பிடித்து அழுத்துங்கள். நாண் முழுசாக இருந்தால் பாதம் தானாக அசையும், நுனிவிரலில் எழும்பி நிற்கும்போது நீளுமே, அந்தப் பக்கமாக. அறுந்திருந்தால் அசையாது, தொங்கியபடியே கிடக்கும். நல்ல காலையும் அதேபோல் அழுத்தி ஒப்பிடுங்கள். நாண் மேல் விரலை வைத்து மெல்லக் கீழே கொண்டுவந்தால் ஓரிடத்தில் விரல் பள்ளத்தில் இறங்கும். வீக்கம் வந்துவிட்டால் அந்தப் பள்ளம் மறைந்துவிடும், ஆனால் அழுத்தும் சோதனை அப்போதும் காட்டிக்கொடுக்கும். ஒற்றைக்காலில் நின்று குதியைத் தூக்கவும் முடியாது. தயவுசெய்து எண்ணெய் போட்டு நீவாதீர்கள், பாதத்தை மேல்நோக்கி வளைக்காதீர்கள். விரல்நுனி கீழே பார்த்தபடி வைத்து அன்றைக்கே எலும்பு டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

குன்னூர்_ஸ்மாஷ்

ஆபரேஷனா, கட்டா என்று எல்லோரும் என்னைப் போட்டுக் குழப்பினார்கள். நான் ஆபரேஷன் செய்துகொண்டேன். செய்யாமலே சரியாகும் என்று இப்போது ஒருவர் சொல்கிறார், எரிச்சலாக வருகிறது.

மலைப்பிசியோ

எரிச்சல் வேண்டாம், இரண்டும் நல்ல வழிதான். 2022-இல் நார்வேயில் 500-க்கும் மேற்பட்டவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்துப் பார்த்தார்கள்: திறந்து தைத்தவர்கள், சின்னத் துளைவழி தைத்தவர்கள், தைக்காமல் கட்டும் பயிற்சியும் மட்டும். ஒரு வருஷம் கழித்துக் காலின் வேலைத்திறனில் மூன்று கூட்டத்துக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் மறுபடி அறுந்தது தைக்காதவர்களில் 6.2 சதவீதம், தைத்த இரண்டு கூட்டத்திலும் 0.6 சதவீதம். நரம்பு பாதிப்பு தைத்தவர்களிடம் அதிகம், துளைவழி தைத்தவர்களிடம் இன்னும் அதிகம். வயசு, சர்க்கரை, புகைப்பழக்கம், தொழில், இதையெல்லாம் வைத்து முடிவு செய்ய வேண்டியது. மேட்டுவீடு அண்ணாவின் நண்பரைப் போல இரண்டு வாரம் தாமதமாகிவிட்டால் நுனிகள் விலகிப்போய்விடும், அப்போது தேர்வு குறையும்.

ஓட்டம்_2200

அக்கா, கடைசியாக அவருக்கு என்ன செய்வது என்று சொல்லிவிடுங்கள். ஓய்வா, பயிற்சியா?

மலைப்பிசியோ

பயிற்சி. முழு ஓய்வு நாணை இன்னும் மெலிய வைக்கும்.

இதற்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு. ஸ்வீடனில் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு டாக்டருக்கே இந்த நாண் வலி இருந்ததாம். ஆபரேஷன் செய்யச் சொல்லித் தன் மேலதிகாரியைக் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். அறுந்தே போனால் செய்துதானே ஆகவேண்டும் என்று வீம்புக்கு அந்த நாணை வலிக்க வலிக்கப் பாரம் போட்டு இறக்கினார். அறவில்லை, குணமாகிவிட்டது. 1998-இல் அதையே ஒழுங்கான ஆய்வாக, பொழுதுபோக்காக விளையாடுகிற 15 பேரிடம் செய்து வெளியிட்டார்.

முறை இதுதான். வாசல் படி விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து நில்லுங்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நல்ல காலால் மேலே எழும்பி, வலிக்கும் காலுக்குப் பாரத்தை மாற்றி, குதியை மெல்லப் படிக்குக் கீழே இறக்குங்கள். மறுபடி நல்ல காலால் ஏறுங்கள். முட்டியை நேராக வைத்து 15 தடவையாக மூன்று சுற்று, முட்டியைக் கொஞ்சம் மடக்கி அதே மாதிரி மூன்று சுற்று. காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை, 12 வாரம். எளிதாகிவிட்டால் முதுகில் பையை மாட்டிப் பாரம் கூட்டலாம். பனியில் நம் ஊர் வாசல் படி வழுக்கும், ஈரமான சிமெண்ட் படியில் செய்யாதீர்கள். வலி தாங்கும் அளவில் இருந்து மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரி, இல்லையென்றால் பாரத்தைக் குறையுங்கள். எலும்பில் ஒட்டுகிற இடத்திலேயே வலி உள்ளவர்கள் படிக்குக் கீழே இறக்கக் கூடாது, தரை மட்டத்தோடு நிறுத்தணும். அண்ணாவுக்கு அது இல்லை. ஆனாலும் தொடங்குமுன் யாராவது ஒருவர் கையால் தொட்டுப் பார்த்துவிடட்டும், சர்க்கரை வேறு இருக்கிறது. இப்போதைக்குச் செருப்பை விட்டுவிட்டுக் குதி கொஞ்சம் உயர்ந்த ஷூ போடுங்கள். வீட்டு மேட்டில் நின்று நின்று ஏறுங்கள், ஏறாமல் இருக்காதீர்கள். ஷட்டில் இப்போதைக்கு வேண்டாம்.

கணக்குவாத்தியார்

15 பேர் என்பது கணக்கில் ஒன்றுமே இல்லை மேடம்.

மலைப்பிசியோ

உண்மை சார், அதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வு வந்துவிட்டது. மெதுவாக அதிக எடை தூக்கும் முறையும் இதே அளவு பலன் தருகிறது என்று 2015-இல் டென்மார்க்கில் காட்டினார்கள், அதை வாரத்துக்கு மூன்று நாள் செய்தால் போதும். தினம் 180 தடவை எண்ண முடியாதவர்களுக்கு அதுவே வசதி. பாரம் போடணும் என்பதில் மட்டும் யாருக்கும் தகராறு இல்லை.

மேட்டுவீடு_கோத்தகிரி

மகளிடம் காட்டிவிட்டேன். ‘அப்பா, படி ஏறாதே’ போய் இப்போது ‘அப்பா, படியில் நில்’ என்கிறாள், எண்ணிக்கை வேறு அவளே எடுக்கிறாளாம்.

ஹட்டிப்பையன்

இதில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் அப்பா தேயிலை வெட்டுகிற மெஷினைத் தூக்கித் தூக்கி வலது தோளில் வலி, கை காதுக்கு மேல் போகவில்லை. அதுவும் இதே மாதிரி நாண் சமாச்சாரமா?

மலைப்பிசியோ

இருக்கலாம் தம்பி. தோளில் நாலு நாண்கள் சேர்ந்து ஒரு உறையாக இருக்கும், 60 வயதுக்கு மேல் அதில் கிழிசல் இருந்தும் வலியே தெரியாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் கை தூக்கவே முடியவில்லை என்றால் அது தள்ளிப்போடுகிற விஷயமில்லை. தனிப் பதிவு போடுங்கள், அப்பா வயசு, சர்க்கரை உண்டா, எப்போதாவது விழுந்தாரா, ராத்திரி அந்தப் பக்கம் படுத்தால் வலிக்கிறதா என்று எழுதுங்கள். மெஷினை அதுவரை வேறு யாராவது தூக்கட்டும்.